பாட்டுக்கு ஐடி இருக்கு, ஸ்டெப்புக்கு இல்லை

2020 தொடக்கத்துல டிக்டாக் பார்த்தவங்க ரெனிகேட் டான்ஸைப் பார்க்காம தப்பிச்சிருக்க முடியாது. சார்லி டமேலியோ மாதிரி ஸ்டார்கள் ஆடித்தான் அது பரவுச்சு. ஆனா அதை உருவாக்கினது ஜலாயா ஹார்மன், அமெரிக்காவில் அட்லாண்டா பக்கத்துல இருந்த 14 வயசுக் கறுப்பினப் பொண்ணு. 2019 செப்டம்பர்ல ஆடி, ஃபனிமேட்லயும் இன்ஸ்டாகிராம்லயும் போட்டாங்க. டிக்டாக்குக்கு ஸ்டெப் போச்சு, பேர் போகலை. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதின பிறகுதான் பலருக்கும் விஷயம் தெரிஞ்சது.

யாரோ கிரெடிட் கொடுக்க மறந்துட்டாங்க, அவ்வளவுதானேன்னு தோணும். தினமும் டேட்டாபேஸோட மல்லுக்கட்டுற எனக்கு வேற ஒண்ணு கண்ணுல படுது. டிக்டாக்ல ஒவ்வொரு வீடியோவும் ஒரு பாட்டோட இணைஞ்சிருக்கு. பாட்டுக்குத் தனிப் பக்கம், ஐடி எல்லாம் உண்டு. ஸ்டெப்புக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. யூடியூப்லயும் இதே கதைதான். கன்டென்ட் ஐடி, ஆடியோவைக் கைரேகை மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கும். சின்னப் பொண்ணு பெட்ரூம்ல ஆடுற வீடியோவுல ஒரு பாட்டு ஓடினா, அதோட விளம்பரக் காசைப் பாட்டின் உரிமையாளர் எடுத்துக்கலாம். ஆடினவளுக்குக் கைரேகையே இல்லை. அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகமும் சின்னச் சின்ன டான்ஸ் ஸ்டெப்களைப் பதிவு செய்யாது.

இது இன்டர்நெட் கொண்டு வந்த பிரச்சினைன்னு நினைச்சேன். இசை ஆய்வாளர் கைரா கான்ட் 2006-ல கறுப்பினச் சிறுமிகளோட விளையாட்டுகளைப் பத்தி எழுதின புத்தகம் அதை மாத்திடுச்சு. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு கைதட்டிப் பாடுறது, ரெண்டு கயிறு சுத்த நடுவுல குதிக்கிற டபுள் டச், இதெல்லாம் அவங்களுக்கு ஒரு இசைப் பள்ளிக்கூடம்னு அவர் சொல்றார். தாளம், எதிர்த்தாளம் எல்லாம் உடம்பு வழியா ஏறுது. ரேடியோ பாட்டு விளையாட்டுக்குள்ள வரும், விளையாட்டும் ரேடியோவுக்குப் போகும். 2000-ல நெல்லி பாடின 'கன்ட்ரி கிராமர்' கோரஸ், அப்படி ஒரு கைதட்டு விளையாட்டுல இருந்து வந்ததுதான். அக்கா தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டுக்கு ராயல்டி யாருக்குப் போகும்?

ஸ்டெப்புக்கெல்லாம் காப்பிரைட் வேணும்னு நான் கேட்கலை. அப்படிச் செஞ்சா விளையாட்டே செத்துடும். மாத்தி மாத்தி ஆடுறதுதானே அதோட உயிர்? ஆனா மைதானத்துல யாரும் காசு பார்க்கலை. இங்க பார்க்கறாங்க. போதாக்குறைக்கு, தோழிகளுக்காக ஆடினதை முன்பின் தெரியாத பெரியவங்க பார்த்து அசிங்கமா கமென்ட் போடுறாங்க. கான்ட் அப்புறம் யூடியூப் பக்கம் திரும்பினப்போ இதையும்தான் ஆராய்ஞ்சார்.

2022-ல டிக்டாக், ஒரிஜினல் வீடியோவுக்குக் கிரெடிட் கொடுக்க ஒரு பட்டன் வச்சது. அதை அழுத்தாமலும் வீடியோ போடலாம்.