சீஷெல்ஸ் செல்வோருக்கு அரசு எதுவரை துணை நிற்கும்?

இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதியில் 115 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் சீஷெல்ஸ், 1976 ஜூன் 29 அன்று பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற நாடாகும். பரப்பளவிலும் மக்கள்தொகையிலும் ஆப்பிரிக்காவின் மிகச் சிறிய நாடு இதுவே. சுமார் ஓர் இலட்சம் மக்கள் மட்டுமே வாழும் அந்நாட்டின் கட்டுமானத் தளங்களிலும் ஹோட்டல்களிலும் இலங்கையர் பலர் தொழில் புரிகின்றனர். அதன் தலைநகரான விக்டோரியாவில் இலங்கைக்கு உயர்ஸ்தானிகராலயம் ஒன்றும் உண்டு. பொதுநலவாய நாடுகள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் தூதரகத்துக்கே இப்பெயர் வழங்குகிறது. பணியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

எந்த நாட்டுக் குடிமகனும் முன்கூட்டியே விசா பெறாமல் சீஷெல்ஸுக்குள் நுழையலாம் என்பது உண்மை. பயணத்துக்கு முன்னர் இணையவழியில் பயண அனுமதி பெற்று, திரும்பிவரும் விமானச்சீட்டு, தங்குமிட ஏற்பாடு, செலவுக்கான பணம் ஆகியவற்றைக் காட்டுபவருக்கு விமான நிலையத்திலேயே வருகையாளர் அனுமதி வழங்கப்படுகிறது. ஆனால் அந்த அனுமதியை வைத்துக்கொண்டு ஊதியம் பெறும் எந்த வேலையையும் செய்ய முடியாது. தொழில் புரிவதற்கு வேறொரு தொழில் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அங்குள்ள தொழில்தருநரே. “விசா தேவையில்லை, போய் இறங்கினால் போதும், மிச்சத்தை அங்கே பார்க்கலாம்” என்று ஒரு முகவர் சொல்லும்போது, அவர் சொல்வதன் முதற்பாதி மெய்யாக இருப்பதனாலேயே பிற்பாதியும் நம்பப்பட்டுவிடுகிறது. காணியை ஈடு வைத்தும் நகையை அடகு வைத்தும் பணம் கட்டிய குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டைப் புறப்படும் முன்னரே எடுத்துச் சொல்வது, பின்னர் தூதரகம் செய்யக்கூடிய எந்த உதவியிலும் பெறுமதியானது.

தூதரகத்தின் பணிகளுள் தன் நாட்டுக் குடிமக்களின் நலனைக் கவனிக்கும் பகுதி கொன்சியூலர் பணி எனப்படுகிறது. அதன் வரம்புகளை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வகுத்துள்ளது. அதன் 36ஆம் உறுப்புரையின்படி, வெளிநாட்டில் கைது செய்யப்படும் ஒருவர் தன் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்டால் அந்நாட்டு அதிகாரிகள் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமை இருப்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். தூதரக அலுவலர் தடுப்பில் உள்ளவரைச் சந்திக்கலாம், வழக்கறிஞரை ஏற்பாடு செய்ய உதவலாம், குடும்பத்துக்குத் தகவல் அனுப்பலாம். கடவுச்சீட்டைத் தொலைத்தவருக்கு நாடு திரும்புவதற்கான தற்காலிகப் பயண ஆவணம் வழங்குவதும், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவதற்கான ஆவணங்களை ஒழுங்குசெய்வதும் அவரது பொறுப்பே. ஆயினும் சிறைக்கதவைத் திறந்துவிடவோ, நீதிமன்றத் தீர்ப்பை மாற்றவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. இது தெரியாமல் எல்லாவற்றையும் எதிர்பார்த்து ஏமாறுவதும், ஒன்றும் நடக்காது என்று எண்ணித் தொடர்புகொள்ளாமலே இருந்துவிடுவதும் ஒரே அளவுக்குத் தீங்கானவை.

இரு அரசுகளுக்கிடையிலான தொடர்பு ஆபத்து வேளையில் எவ்வளவு பயன்படும் என்பதற்கு 2024 ஜனவரியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்று. திக்கோவிட்டைத் துறைமுகத்திலிருந்து ஆறு மீனவர்களுடன் சென்ற ‘லொரென்சோ புத்தா 4’ என்னும் பலநாள் மீன்பிடிப் படகைச் சோமாலியக் கடற்கொள்ளையர் கடத்தியபோது, சீஷெல்ஸ் படையினர் அதைக் கடலில் மறித்து, மூவரைக் கைது செய்து, ஆறு பேரையும் பாதுகாப்பாக மீட்டனர்.

வட இலங்கையின் வன்னியிலிருந்து புறப்படுபவருக்கு அரசின் துணை விக்டோரியாவில் தொடங்குவதில்லை. அது கிராம அலுவலரின் மேசையிலும் பிரதேச செயலகத்திலும் தொடங்குகிறது. 2009 வரையிலான போர்க்கால இடப்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பதிவேடுகளே அழிந்துபோன இடங்களில் மறுபதிவு செய்ய நாளெடுக்கும் என்பதால், வேலை கிடைத்த பிறகு ஓடுவதைவிட முன்னதாகவே அவற்றைச் சரிசெய்துகொள்வது நல்லது. கடவுச்சீட்டுக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் உண்டு. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலும் ஒன்று திறக்கப்பட்டது. சான்றிதழ்கள் வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக வெளிவிவகார அமைச்சு அவற்றை உறுதிப்படுத்தித் தரும் சேவையை, யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் திறக்கப்பட்ட பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகத்திலேயே பெறலாம். முன்னர் இதற்காகக் கொழும்புக்குப் போய் இரவு தங்க வேண்டியிருந்த முல்லைத்தீவு மக்களுக்கு இது சிறிய மாற்றமன்று.

இவை அனைத்திலும் முக்கியமானது, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்வதாகும். பணியகத்தின் உரிமம் பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். ஒருவருக்கு உரிமம் உள்ளதா, அவர் சொல்லும் வேலைக்கு அனுமதி பெற்றுள்ளாரா என்பதைப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டறியலாம். பிரதேச செயலகங்களில் இதற்கென அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் உள்ளனர். பதிவுசெய்து செல்பவருக்குக் காப்புறுதி கிடைக்கிறது. அவரது தொழில் ஒப்பந்தம் அரசிடம் பதிவாகிறது. வருகையாளராகப் புறப்பட்டுப் போனவர் சம்பளம் கிடைக்கவில்லை என்று முறையிடும்போது, அவர் அங்கே வேலை செய்ததற்கே சான்று இருக்காது. தொழில்தருநரிடம் கேட்க உயர்ஸ்தானிகராலயத்தின் கையிலும் ஒரு தாள் இருக்காது. ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கும்படி கேட்கத் தயங்கக் கூடாது. புரியாத மொழியிலுள்ள ஒப்பந்தத்தில் இட்ட கையெழுத்தே பின்னாளில் இட்டவருக்கு எதிராக நிற்கும்.

உடல்நலம் பற்றிய அரச உதவியை அறிந்தோர் குறைவு. சீஷெல்ஸில் மலேரியா இல்லை. ஆனால் அருகிலுள்ள மடகஸ்காரிலும் கொமரோஸிலும் அது பரவலாக உள்ளது. ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன வன்னி உட்பட முழு இலங்கையையும் உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்நிலையைக் காப்பதற்காக, மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோருக்கு மலேரியாத் தடை இயக்கம் முற்காப்பு மருந்தை இலவசமாகவே வழங்குகிறது. மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள ஆப்பிரிக்க நாடொன்றில் விமானம் மாறி நெடுநேரம் காத்திருப்பவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். அந்த ஊசியைக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில், பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் போட்டுக்கொள்ள வேண்டும்.

அருகிலுள்ள தீவுகள் எல்லாம் ஒரே ஆட்சியின் கீழ் உள்ளவை என்று எண்ணுவதும் தவறு. மொரீஷியஸ் தனிக் குடியரசு. அதற்கு அடுத்துள்ள ரீயூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி. அங்கே இலங்கையின் அலுவல்கள் பாரிஸிலுள்ள தூதரகத்தின் வழியே நடைபெறுகின்றன. அண்மைய ஆண்டுகளில் படகேறி ரீயூனியனை அடைந்த இலங்கையர் பலர் திருப்பியனுப்பப்பட்டுள்ளனர்.

விக்டோரியா நகரின் நடுவே 1992இல் குடமுழுக்குக் கண்ட நவசக்தி விநாயகர் ஆலயத்தைச் சுற்றி அங்குள்ள தமிழர்கள் கூடுகின்றனர். மொழி தெரியாத இடத்தில் அத்தகைய உறவு பெரிய ஆறுதல். எனினும் சட்டப்படி கேட்கவேண்டியதை அரசிடமே கேட்க வேண்டும். அங்கிருப்பவரால் முறையிட இயலாதபோது ஊரிலுள்ள தாயோ மனைவியோ சகோதரரோ பணியகத்திடமும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவிடமும் முறையிடலாம். அதற்குக் கடவுச்சீட்டின் பிரதி, பணியகப் பதிவு இலக்கம், ஒப்பந்தப் பிரதி, தொழில்தருநரின் முகவரி, முகவரிடம் கட்டிய பணத்துக்கான பற்றுச்சீட்டு ஆகியவை அவர்களிடம் இருக்க வேண்டும். புறப்படும் நாளுக்கு முன்னரே அவற்றை வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.