பெண்கள் பள்ளி ஆண்டு மலரும் நன்றியுரையும்

பள்ளிக்கூடங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலரை விழா நாளிற் பெற்றுக்கொண்டு, தத்தம் படம் அமைந்த பக்கத்தை மட்டும் நோக்கிவிட்டு மூடிவைப்பார் பலர். அம்மலர் எவ்வாறு உருப்பெறுகின்றது, அதன்பொருட்டு எத்துணைப் பேர் உழைக்கின்றனர் என்று சிந்திப்பார் மிகச் சிலரே. நம் கல்லூரியிற் பயில்வோருள் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களின் பள்ளிகளிலிருந்து வந்தோர் உளர். இங்குப் பயின்று சென்று, அப்பள்ளிகளில் ஆசிரியராய் அமர்ந்து, மலர்க்குழுவின் பொறுப்பை ஏற்றோரும் உளர். ஆதலின் பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரை ஆக்கும் முறையையும், அதற்கு உதவினோர்க்கு நன்றி கூறும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண், பெண்கள் பள்ளியின் மலருக்கெனத் தனிச்சிறப்பு யாதேனும் உண்டோ எனின், உண்டு என்றே கூறலாம். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-ஆம் ஆண்டிலும், சென்னை வேப்பேரியில் பெண்டிங்க் பள்ளி என வழங்குவதன் தொடக்கமாக 1837-ஆம் ஆண்டிலும் பெண்களுக்குக் கல்விச்சாலைகள் ஏற்பட்டன. அக்காலத்தில் ஒரு பெண்ணின் பெயர் அச்சிலேறுவது மிக அரிது. பெண்கள் படித்தற்கென்றே 'அமிர்தவசனி' என்னும் தமிழ் இதழ் சென்னையில் தோன்றியது 1865-ஆம் ஆண்டில். எலினார் மெக்டூகல் அம்மையார் முதல் தலைவியாய் அமர, 1915-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, சூரியகாந்திப் பூவின் ஆங்கிலப் பெயரையே தன் மலருக்குச் சூட்டிக்கொண்டது. பெண்கள் படிப்பதற்கு இதழ் தோன்றிய நிலையினின்று, பெண்கள் தாமே எழுதித் தாமே தொகுக்கும் மலர் தோன்றிய நிலைக்கு நாடு வந்து சேர இத்துணைக் காலம் ஆயிற்று. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஒரு மாணவியின் பெயரையும் பிறந்த நாளையும் காட்டும். அவள் யாது எண்ணினாள், எதைக் கண்டு மகிழ்ந்தாள் என்பதைக் காட்டாது. அதைக் காட்டவல்லது மலர் ஒன்றே.

நாம் குறித்த ஊர்களுக்கு இது பின்னும் பொருந்தும். அம்பத்தூர் ஒரு காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1997-ஆம் ஆண்டில் திருவள்ளூர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதிற் சேர்ந்தது. 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியிலும், 2018-ஆம் ஆண்டில் சென்னை மாவட்டத்திலும் இணைந்தது. ஆவடி 2019-ஆம் ஆண்டில் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த இவ்வூர்களில் 1960-ஆம் ஆண்டுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடியிற் போர்க்கவச ஊர்திகள் செய்யும் தொழிற்சாலையும் எழுந்தன. பல மொழி பேசும் குடும்பங்கள் பிழைப்பு நாடி வந்து குடியேறின. ஏரிக்கரையில் தன் பாட்டி நாற்று நட்டதையும், அதே இடத்தில் இன்று தான் பேருந்துக்குக் காத்து நிற்பதையும் ஒரு மாணவி இரண்டு பக்கங்களில் எழுதிவைப்பாளாயின், அது வெறும் பள்ளிக் கட்டுரை அன்று. ஊரின் வரலாற்றுக்குச் சான்றாகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் செம்பரம்பாக்கத்து ஏரி நிரம்பி அடையாற்றிற் பெருவெள்ளம் பாய்ந்தபொழுது தன் தெருவில் நிகழ்ந்ததை ஒருத்தி எழுதியிருப்பின், அதன் மதிப்பு ஆண்டு செல்லச் செல்ல உயருமேயன்றிக் குறையாது.

இனி, மலர் ஆக்கும் முறையைக் காண்போம். நம் மாநிலத்துப் பள்ளிகள் சூன் திங்களில் திறக்கின்றன; மார்ச்சுத் திங்களிற் பொதுத்தேர்வு நெருங்கிவிடும். ஆதலின் மலர்க்குழு சூலை மாதத்திலேயே கூடவேண்டும். தைப்பொங்கல் கழிந்தபின் கட்டுரை கேட்கும் பள்ளியில், எழுத மனமில்லாதவர் எங்கோ கண்டதைப் பெயர்த்தெழுதிக் கொடுப்பர். எழுத வல்லவர் தேர்வுக் கவலையில் ஆழ்ந்திருப்பர். காலாண்டு விடுமுறைக்கு முன்னரே பொருளைக் கொடுத்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன் கட்டுரைகளைப் பெற்றுக்கொள்வதே நன்று. ஒரு கட்டுரை மாணவியின் சொந்தப் படைப்புத்தானா என்று ஐயம் எழுந்தால், அவளைக் கடிந்து வினவுதல் வேண்டா. அருகில் அமர்த்தி, அப்பொருளைப் பற்றிப் பேசச் சொன்னாற் போதும். தானே எழுதியவள் எழுதாததையும் சேர்த்துக் கூறுவாள். பெயர்த்தெழுதியவள் தாளைத் தேடுவாள். திருத்துங்காலும் ஆசிரியர் ஓர் எல்லையை மீறலாகாது. எழுத்துப்பிழையையும் சந்திப்பிழையையும் களைவது கடமை. பதின்மூன்று வயதுச் சிறுமியின் நடையைப் புலவர் நடையாக மாற்றிவிடுவது கொடுமை.

கட்டுரைகள் சேர்ந்தபின் பக்கக் கணக்கு எழும். அச்சுக்கூடத்தார் பெரிய தாளின் ஒரு புறத்தில் எட்டுப் பக்கங்களும் மறுபுறத்தில் எட்டுப் பக்கங்களுமாக அச்சிட்டு மடித்துத் தைப்பது பெருவழக்கு. இப்பதினாறு பக்கங்களும் சேர்ந்தது ஒரு பாரம் எனப்படும். எண்பது பக்கமாயின் ஐந்து பாரம் சரியாக அமையும். எண்பத்துமூன்று பக்கமாயினோ, எஞ்சிய மூன்று பக்கங்களுக்காக மற்றுமொரு சிறு பாரம் ஓட்ட நேரும், செலவு ஏறும். ஆகவே முதலிலேயே பாரக் கணக்கை வரையறுத்து, அதற்கேற்பக் கட்டுரைகளைத் தேர்வது அறிவுடைமை. வண்ணப் படங்களையும் மலர் முழுவதும் சிதறவிடாது ஒரே பாரத்தில் தொகுத்தால், அப்பாரத்திற்கு மட்டும் நான்கு வண்ண அச்சுச் செலவு ஆகும். ஏனையவற்றை ஒரே நிறத்தில் முடித்துவிடலாம்.

அச்செழுத்தின் நிலையும் காலந்தோறும் மாறி வந்துளது. முன்னாளில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தனர். அச்சுக்கோப்பவர் எழுத்துத் தட்டின் முன் நாள் முழுவதும் நின்று பணி செய்தனர். 1978-ஆம் ஆண்டு அரசாணையால் ணா, றா, னா, லை, ளை முதலிய எழுத்துக்களின் வடிவம் சீர்திருந்தியது. அதற்கு முந்திய மலர்களைப் பார்ப்போர் பழைய கொம்புகளைக் கண்டு வியப்பர். இன்று கணினியில் எழுத்தைக் கோக்கிறோம். எனினும் பள்ளியில் ஒரு குறியீட்டு முறையும் அச்சுக்கூடத்தில் வேறொரு முறையும் இருப்பின், கொம்பும் காலும் இடம் மாறிச் சொற்கள் சிதைந்துபோம். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. மலர்க்குழுவும் தொடக்கமுதல் அம்முறையிலேயே எழுத்தைச் சேர்ப்பின் இத்தொல்லை பெரிதும் ஒழியும்.

மெய்ப்புப் பார்த்தலில் யாவற்றினும் கருத்தாய் நோக்கவேண்டியது பெயர். 'மலர்விழி' என்பது 'மலர்விளி' ஆயின், கண் என்னும் பொருள் போய்க் கூப்பிடுதல் என்னும் பொருள் வந்து சேரும். ஒரே வகுப்பில் மூன்று பிரியாக்கள் இருப்பர். முன்னெழுத்து ஒன்றே அவர்களைப் பிரித்துக் காட்டும். வேற்றுமொழிக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவியரின் பெயரைத் தமிழில் எழுதுங்கால், அவர்கள் வீட்டில் எவ்வாறு ஒலிக்கின்றனர் என்று கேட்டறிதல் முறை. வகுப்புப் பட்டியலை ஆசிரியர் மட்டும் சரிபார்த்தல் போதாது; ஒவ்வொரு மாணவியும் தன் பெயரைத் தானே படித்துப் பார்த்துக் கையொப்பமிடச் செய்தல் வேண்டும். பலருக்குத் தம் பெயர் அச்சில் வருவது இதுவே முதல் தடவை. சிலருக்கு இதுவே கடைசித் தடவையாகவும் முடியலாம். அதனைப் பிழைபட அச்சிடுதல் சிறு குற்றம் அன்று.

படங்களின்கீழ் நிற்போர் பெயரை இடமிருந்து வலமாக வரிசைதோறும் குறித்தல் வேண்டும். பெயரில்லாத குழுப்படம் இருபது ஆண்டுகட்குப்பின் எவர்க்கும் பயன்படாது. மற்றொரு புறம், மாணவியரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மலரில் வெளியிடுதல் தகாது. கணினியில் வைக்கப்பெறும் தனியாள் விவரங்களைக் காக்க 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாதவர் திறத்தில் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கின்றது. தன் படம் வேண்டா என்று கூறும் மாணவியின் விருப்பத்தையும் மதிப்பதே பண்பு. பெயர் நிலைத்தல் வேண்டும்; அப்பெயரால் அவளுக்குத் தீங்கு நேர்தல் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதிலேதான் பெண்கள் பள்ளி மலர்க்குழுவின் பொறுப்பு அடங்கியிருக்கின்றது.

நிற்க. இனி நன்றியுரையைப் பற்றிச் சில கூறுவாம். மலரின் ஈற்றில் "மற்றும் உதவிய அனைவர்க்கும் நன்றி" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடும் வழக்கம் பரவியுள்ளது. அனைவர்க்கும் கூறிய நன்றி ஒருவரையும் சென்று சேராது. நம் முன்னோர் இவ்வாறு செய்தாரல்லர். நன்னூலின் சிறப்புப்பாயிரம், பவணந்தி முனிவரை அந்நூல் செய்யுமாறு வேண்டிய சீயகங்கனின் பெயரை மறவாது கூறுகின்றது. சீவகசிந்தாமணியை 1887-ஆம் ஆண்டிலும் புறநானூற்றை 1894-ஆம் ஆண்டிலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள், ஏட்டுச் சுவடிகள் தந்துதவினோரைத் தம் முகவுரைகளிற் பெயர்சொல்லிக் குறித்துவைத்தார்கள். எவரிடமிருந்து எந்த ஏடு வந்தது என்பதை நாம் இன்றும் அறிகின்றோம். நன்றியறிதலும் வரலாறும் அங்கே ஒன்றாகி நிற்கின்றன.

இம்முறையையே நாமும் கைக்கொள்ளலாம். இன்னார் இன்னது செய்தார் என்று செயலைக் குறித்துக் கூறுதல் முதல் விதி. பொருள் கொடுத்தோரையும் உழைப்புக் கொடுத்தோரையும் ஒருங்கே வைத்து மதித்தல் இரண்டாம் விதி. பின்னட்டை விளம்பரத்திற்குப் பணம் தந்த வணிகர்க்கு விளம்பரமே கைம்மாறாகக் கிடைத்துவிடுகின்றது. விடுமுறை நாளில் வந்து அறையைத் திறந்துவிட்ட காவலாளிக்கும், படமெடுப்பதற்காக மண்டபத்தைக் கூட்டித் துடைத்த பணிமகளுக்கும் நன்றியுரை ஒன்றேயன்றி வேறு கைம்மாறு இல்லை. அவர்தம் பெயரை அறியாது 'பணியாளர்' என்று எழுதுதல் போதாது. கேட்டறிந்து எழுதுதல் வேண்டும். மலரில் தம் பெயர் வருவதை விரும்புகின்றனரா என்றும் வினவுதல் மரியாதை. இவ்வாறு பெயர் தொகுப்பதை இறுதி வாரத்திற்கென ஒத்திவையாது, சூலை முதல் ஒரு குறிப்பேட்டில் உதவி வந்த நாளிலேயே எழுதிவருதல் மூன்றாம் விதி. இல்லையேல் முதலில் உதவியோரே முதலில் மறக்கப்படுவர்.

அச்சுக்கூடத்தாரையும் மறத்தலாகாது. அச்சிட்டோர் பெயரையும் இடத்தையும் நூலிற் குறித்தல் வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அதன் நோக்கம் நன்றியன்று, கண்காணிப்பே. அச்சட்டம் நீங்கிப் புதிய சட்டம் 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அன்று சட்டத்திற்கு அஞ்சி எழுதிய வரியை இன்று அன்பினால் எழுதுவோமாக. கூடத்தின் பெயரோடு, பக்கம் அமைத்தவர், அச்சுப்பொறி ஓட்டியவர், தைத்தவர் பெயர்களையும் சேர்ப்போமாக.

இன்னுமொன்று. பூவிருந்தவல்லியில் கண்பார்வை அற்றோர்க்கான அரசினர் பள்ளியும், புள்ளியெழுத்து நூல்களை அச்சிடும் நிலையமும் உள்ளன. இந்திய மொழிகள் யாவற்றிற்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்றது. பள்ளியில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருப்பின், மலரின் ஒரு படியையேனும் புள்ளியெழுத்தில் ஆக்கி அவள் கையிற் கொடுத்தல் கூடும். தன் கட்டுரையைப் பிறர் படிக்கக் கேட்பது வேறு. தன் விரலால் தானே படிப்பது வேறு.

பூவிருந்தவல்லி, நாள்தோறும் பூமாலை கொண்டு காஞ்சிக்குச் சென்று தொண்டு செய்த திருக்கச்சி நம்பிகளின் பிறப்பிடம் என்பர். மாலையில் எல்லாரும் காண்பது மலரை. மலரைத் தாங்கி நிற்பது நார். பள்ளி மலரிலும் கட்டுரையும் படமும் கண்ணிற் படுகின்றன. அவற்றைத் தொடுத்தோர் மறைந்து நிற்கின்றனர். நன்றியுரை என்பது அந்நாரையும் காட்டும் ஒரு பக்கம். வரும் ஆண்டில் மலர்ப் பொறுப்பை ஏற்கும் நம் பழைய மாணவர், அப்பக்கத்திற்கு உரிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்து, ஒருவர் பெயரும் விடுபடாதபடி நிறைவாக எழுதுவாராக.