ஐஸும் பாரம்தான்



பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு மீன் ஏற்றக் கடன் வாங்கி ‘குட்டி யானை’ எடுப்பவர்கள், வண்டி எவ்வளவு இழுக்கும் என்றே கேட்கிறார்கள். எவ்வளவு பாரத்தோடு பிரேக் பிடிக்கும் என்பதல்லவா முக்கியம்?

ஆர்.சி. புத்தகத்திலுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதே ஏற்றக்கூடிய பாரம். டாடா ஏஸில் சுமார் 750 கிலோ. நம்மூர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். 400 கிலோ மீன், ஐஸோடு 800 ஆகிவிடும்; பெட்டிகளும் ஓட்டுநரும் தனி. 300 கிலோ மீனோடு நிறுத்துவதே சரி. அதற்கு மேல் ஏற்றுவோர் பெரிய பிக்கப்பே பார்க்கட்டும். பாரத்தைப் பின்பக்கமே குவித்தால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் கைக்கு அடங்காது.

அதிக பாரத்துக்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

வண்டிக் கடன் குறித்து நம்மிடம் வருவோர், தினசரி ஏற்றும் எடையை ஐஸோடு சேர்த்து எழுதி வாருங்கள்.