ஐந்தடி நாலங்குல ஆட்டக்காரர்

நியூயார்க்கின் டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளி, பார்னி செட்ரனைக் கூடைப்பந்து அணியில் சேர்க்க மறுத்துவிட்டது. பையன் ரொம்பப் பொடியன் என்பதுதான் காரணம். வளர்ந்து ஆளான பிறகும் அவர் 5 அடி 4 அங்குலம்தான். எடை 115 பவுண்டு, நம் கணக்கில் 52 கிலோ. அந்தப் பொடியன் சிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1911 வரை மூன்று ஆண்டுகளும் அணியில் யாரையும்விட அதிகப் புள்ளிகள் எடுத்தார்.

குறையை வென்ற வீரர் என்று இவரைப் புகழ்வது எளிது. ஆனால் அன்றைய ஆட்டத்தில் குள்ளம் அவ்வளவு பெரிய குறையா என்ன? ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி ஆட்டத்தைத் தொடங்கியது 1891 டிசம்பரில். அதே ஆண்டு ஜனவரியில் பிறந்த செட்ரனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அவர் ஆடிய காலத்தில் வளையத்துக்கு மேலே எம்பிப் பந்தைத் திணிப்பவர் கிடையாது. கால்களைத் தரையில் ஊன்றி, இரு கைகளாலும் தூரத்திலிருந்து எறிவார்கள். ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவில் பந்தைத் தூக்கிப்போட்டு இருவர் எம்புவார்கள். உயரமானவருக்கு முக்கிய வேலை அங்கேதான். மற்றபடி வேகமாக ஓடுவதும், பந்தைக் கைமாற்றுவதும், ஆளில்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதும்தான் ஆட்டம். ஓர் அணி முப்பது புள்ளி எடுத்தாலே பெரிய விஷயம்.

இதையெல்லாம் செட்ரன் கற்றது பள்ளியில் அல்ல, நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், எல்ட்ரிட்ஜ் தெருவின் யுனிவர்சிட்டி செட்டில்மென்ட் என்ற சேவை இல்லத்தில். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. பேஸ்பாலுக்கு மைதானம் வேண்டும். அங்கே வீட்டுக்குள் மூச்சுவிடவே இடமில்லை. கூடைப்பந்துக்கு ஒரு கூடமும் ஒரு பந்தும் போதும். பயிற்சி தர ஹாரி பாம் இருந்தார். கூடவே ஆட மாக்ஸ் ஃப்ரீட்மன் இருந்தார். பின்னாளில் செட்ரனையும் ஃப்ரீட்மனையும் 'தேவலோக இரட்டையர்' என்றே அழைத்தார்கள். அடுத்த படியாக, கட்டணமே வாங்காத சிட்டி கல்லூரி. காசில்லாத, படிக்கத் துடித்த யூதப் பையன்கள் அங்கேதான் குவிந்தார்கள்.

கல்லூரி முடிந்ததும் செட்ரன் காசுக்கு ஆடப் போனார். நியூபர்க், யூட்டிகா, கார்பன்டேல் என்று ஊர் ஊராக ஆட்டம். பல அரங்குகளில் ஆட்டக்களத்தைச் சுற்றிக் கம்பிவலை. பந்து வெளியே போகாது, ஆளும் தப்ப முடியாது. வலையில் மோதி உடம்பு கிழியும். யூட்டிகாவுக்காக ஒரே ஆட்டத்தில் 25 அடிக்கு அப்பாலிருந்து 17 கூடைகள் போட்டார் என்கிறது கூடைப்பந்துப் புகழரங்கக் குறிப்பு. வளையத்துக்குப் பின்னால் பலகைகூடக் கிடையாது. பலகையில் அடித்துப் போடும் வசதி இல்லாமல், வெறும் வளையத்துக்குள் 17 முறை! இன்றைய என்.பி.ஏ. தொழில்முறை ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோட்டு வளைவே 23 அடி 9 அங்குலத்தில்தான் இருக்கிறது. 1962-இல் அதே புகழரங்கில் செட்ரனைச் சேர்த்தார்கள், இரண்டாண்டில் காலமானார். ஃப்ரீட்மனுக்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செட்ரனைத் தொடர்ந்து நியூயார்க்கின் யூத ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். 1930-களில் பால் காலிகோ என்ற பிரபல விளையாட்டுப் பத்திரிகையாளர் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்: தந்திரமும் சூழ்ச்சியும் வேண்டிய ஆட்டம் இது, அதனால்தான் யூதர்களுக்குப் பிடிக்கிறதாம். பாராட்டு மாதிரி தோன்றும் வசை. எல்ட்ரிட்ஜ் தெருவின் இடநெருக்கடியும், சேவை இல்லத்துக் கூடமும், இலவசக் கல்லூரியும் அவர் கண்ணில் படவில்லை.

1946-இல், பின்னாளில் என்.பி.ஏ. ஆன தொழில்முறைச் சங்கத்தின் முதல் ஆட்டத்தில் முதல் கூடையைப் போட்டவரும் நியூயார்க் யூதர்தான்: ஆஸி ஷெக்ட்மன். அதன்பின் யூதக் குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. நகரத்து ஆட்டக்களங்களில் கறுப்பினப் பையன்கள் நிறைந்தார்கள். உடனே அவர்களுடைய ஆட்டத்துக்கும் இரத்தத்தில் காரணம் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.