ஒரே ஊர், பல ஸ்பெல்லிங்: தேடினா ஏன் கிடைக்க மாட்டேங்குது?

இந்த எபிசோட்ல ஒரு ஊர்ப் பெயரை வச்சு, டிஜிட்டல் ஆவணங்கள்ல தேடுறது எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கப் போறோம். ஊர் ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையில், பாக் நீரிணையைப் பார்த்து நிற்கிற மீன்பிடி ஊர்.

இந்தப் பெயரை எத்தனை விதமா எழுதலாம்? ஜெகதாப்பட்டினம், ஜெகதாபட்டினம், ஜகதாப்பட்டினம், ஜெகதாப்பட்டணம். ஆங்கிலத்துக்குப் போனா இன்னும் கூடும். ஜே-க்கு அடுத்து இ போடுறவங்க உண்டு, ஏ போடுறவங்க உண்டு. ‘தா’வுக்கு டி, எச் ரெண்டும் போடுறவங்க உண்டு, டெல்லியோட முதல் எழுத்தை மட்டும் போடுறவங்களும் உண்டு. படிக்கிற நமக்கு எல்லாம் ஒரே ஊர்தான். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொண்ணும் தனி ஊர்.

‘இதுல என்னப்பா பெரிய பிரச்சினை’ன்னு கேட்கலாம். இலங்கைக் கடற்படை நம்ம மீனவர்களைக் கைது பண்ணின செய்தி வருஷா வருஷம் வருது. எந்த ஊர்ப் படகு, எத்தனை பேர், எந்த வருஷம்னு ஒருத்தர் பழைய செய்திகளிலிருந்து கணக்கெடுக்கிறார்னு வைங்க. ஒரே ஒரு ஸ்பெல்லிங்கில் தேடினா எண்ணிக்கை குறையும். எல்லா ஸ்பெல்லிங்கையும் தனித்தனி ஊரா எடுத்தா, ஒரே சம்பவம் ரெண்டு தடவை கணக்குல ஏறும். ரெண்டுமே ஊருக்கு அநியாயம்.

இதுக்கு இருக்கிற கருவிகளை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் கருவி, எழுத்து வித்தியாசத்தை எண்ணுறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லா மாத்த எத்தனை எழுத்தைச் சேர்க்கணும், நீக்கணும், மாத்தணும்னு எண்ணுற முறை இது. சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965-ல் கொடுத்தது. தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஜெகதாப்பட்டினத்துல ஒரு ‘ப்’ விட்டுப்போனா, நம்ம கண்ணுக்குக் குறைஞ்சது 1 எழுத்து. யூனிகோடுல ‘ப’ ஒரு குறி, புள்ளி இன்னொரு குறி. அதனால வித்தியாசம் 2. தமிழுக்கு இந்த முறையை எடுக்கும்போது குறிகளை எண்ணாம முழு எழுத்துகளா பிரிச்சு எண்ணுறது நல்லது.

ரெண்டாவது, ஒலியை வச்சுப் பார்க்கிறது. அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை வாங்கின ‘சவுண்டெக்ஸ்’ இந்த வகை. ஆங்கிலப் பெயரோட முதல் எழுத்தை வச்சுக்கிட்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கிற மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும். மேல சொன்ன ஆங்கில ஸ்பெல்லிங் எல்லாத்துக்கும் ‘ஜே231’னு ஒரே விடை வரும். சூப்பர்ல? ஆனா தெலங்கானாவில் இருக்கிற ஜக்தேவ்பூருக்கும் அதே ‘ஜே231’தான்! கடலே இல்லாத ஊர் நம்ம பட்டியலில் வந்து உட்கார்ந்துடும்.

இன்னொரு பக்கம், ஒலியும் எழுத்தும் உதவவே உதவாத பெயர்கள் இருக்கு. அக்கரையில் இருக்கிற நெடுந்தீவை எடுத்துக்கோங்க. ஆங்கிலச் செய்தியில் அது ‘டெல்ஃப்ட்’, டச்சுக்காரங்க வச்ச பெயர். எந்த அல்காரிதமும் இந்த ரெண்டையும் சேர்த்து வைக்காது. யாராவது ஒருத்தர் ‘ரெண்டும் ஒண்ணுதான்’னு எழுதி வைக்கணும்.

அப்படி எழுதி வைக்கிற இடம்தான் கெசட்டியர், அதாவது இடப்பெயர்த் தரவுத்தளம். ஒவ்வொரு இடத்துக்கும் மாறாத ஓர் எண், வரைபடத்தில் ஒரு புள்ளி, அதுக்குக் கீழே எல்லாப் பெயர்களும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான ‘வேர்ல்டு ஹிஸ்டாரிக்கல் கெசட்டியர்’ இதோட காலத்தையும் சேர்த்துப் பதிவு பண்ணுது. ஆப்பிரிக்காவின் டிம்பக்டுவை பிரெஞ்சில் ‘தொம்புக்து’ன்னு எழுதுவாங்க. அங்கேயும் இதே தலைவலி, இதே மருந்து.

காலம் எதுக்கு? புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974-ல். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. இந்தக் கரை இருக்கிற அறந்தாங்கி வட்டாரம் அப்போ தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்தது. ஆக, 1930-கள் ஆவணத்தைப் ‘புதுக்கோட்டை’ன்னு தேடினா வெறுங்கையோடதான் திரும்புவோம். தஞ்சாவூர்னு தேடணும்.

சரி, நாம என்ன செய்யலாம்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005-ல் தொடங்கின நூலகம் தளம், ரெண்டுலயும் தேடும்போது ஒரு ஸ்பெல்லிங்கோட நிறுத்திடாதீங்க. உங்ககிட்ட சொந்தமா ஒரு பட்டியல் இருந்தா, ‘ஓப்பன்ரிஃபைன்’ங்கிற இலவச மென்பொருளில் போடுங்க. ஒரே மாதிரி பெயர்களைக் கூட்டமா காட்டி, சேர்க்கலாமான்னு உங்ககிட்டயே கேட்கும். சேர்க்கும்போது ஒரு விஷயம்: அச்சில் இருந்த ஸ்பெல்லிங்கை அழிக்காதீங்க. அது அப்படியே இருக்கட்டும், பக்கத்துல இன்னொரு பத்தியில் பொது எண்ணைச் சேருங்க. நாளைக்கு யாராவது சரிபார்க்கணும்னா அந்த மூல வடிவம்தான் ஆதாரம்.

கடைசியா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலயும் விக்கிடேட்டாவிலயும் மாற்றுப் பெயர்களைச் சேர்க்க இடம் இருக்கு. யார் வேணா சேர்க்கலாம், காசு கிடையாது. உங்க ஊரை உங்க பாட்டி எப்படிச் சொல்வாங்க, பஸ் போர்டில் எப்படி இருக்கு, பழைய பத்திரத்தில் எப்படி இருக்குன்னு பாருங்க. இதையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்தாலயும் உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும்.

இந்த வாரம் உங்க ஊருக்கு ஒரே ஒரு மாற்றுப் பெயரைச் சேர்த்துட்டு, எது சேர்த்தீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!