உணவு மண்டபமும் உபசாரமும்

ஊவா மாகாணத்திலே, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது பண்டாரவளை நகரம். அங்கு 1893ஆம் ஆண்டில் எழுந்த பண்டாரவளை ஹோட்டல், தொடக்கத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார் கூடும் கழகமாக விளங்கியது. இத்தகைய மண்டபங்களின் வாயிலாகவே மேனாட்டு விருந்து முறை மலைநாட்டில் வேரூன்றியது. நுவரெலியாவில் 1876இல் நிறுவப்பெற்ற ஹில் கிளப்பில், கோட்டும் கழுத்துப் பட்டியும் அணியாத ஆடவர் இராப்போசனத்துக்கு அமரலாகாது என்ற விதி, நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் நிலவியது.

இவ்விதிகள் யாவும் வெறும் பகட்டென்று தள்ளிவிடுவதற்கில்லை. முற்காலத்தில் ஐரோப்பியப் பெருவிருந்துகளில் பல பண்டங்களையும் ஒருங்கே மேசைமீது பரப்புவது வழக்கம். உண்பதற்குள் அவை ஆறிப்போகும். 19ஆம் நூற்றாண்டில் ருஷிய முறை பரவிற்று. பண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடச்சுட வரலாயின. பண்டத்துக்கேற்ற கத்தியும் கரண்டியும் வரிசையாக வைக்கப்பட்டன. உண்பவர் வெளிப்புறத்தில் உள்ளவற்றை முதலில் எடுப்பார். உண்டு முடித்ததும் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் இணையாக வைப்பார். பரிசாரகர் வினவாமலே தட்டை எடுத்துச் செல்வார்.

ஒழுங்கு தமிழருக்கும் புதிதன்று. வாழையிலையின் நுனி உண்பவரின் இடப்புறம் அமைதல் வேண்டும். உண்டபின் இலையைத் தம்பக்கமாக மடித்தல் மரபு. இலையில் எது எங்கே என்பதைப் பரிமாறுவோர் அறிவர். ஆதலால் விருந்தின் ஒழுங்கு ஒரு நாட்டாருக்கு மட்டும் உரியதென்று கூறுதல் பொருந்தாது.

ஆனால், வசதிக்கென வகுத்த ஒழுங்கே வேலியாகவும் மாறியது. மண்டபத்தில் அருந்திய தேநீருக்குக் கொழுந்து பறித்தவர்கள் லயத்து அறைகளில் ரொட்டியும் சம்பலும் உண்டு வாழ்ந்தார்கள். துரை பங்களாவிலே மேசை முறைகள் அனைத்தையும் பிழையின்றி அறிந்திருந்தவர் சமையற்கார அப்புவே. எனினும், அம்மேசையில் அவருக்கு இருக்கை இல்லை. அறிவின்மையால் அன்று, பிறப்பினாலும் பதவியினாலுமே மனிதர் விலக்கப்பட்டனர்.

இக்காலத்தில் உயர்தர உணவகங்கள் பலவற்றில் உடைவிதி தளர்ந்துவிட்டது. சோறும் கறியும் கையால் உண்பது அங்கும் இழுக்கென்று கருதப்படுவதில்லை. இது வரவேற்கத்தக்கது. ஆயினும், இயல்பாக இருத்தலென்பது கவனமின்மையாகிவிடலாகாது. அழைத்தும் எவரும் வாராமை, துடைக்காத மேசை, உரையாட முடியாத இரைச்சல் ஆகியன சுதந்திரத்தின் அடையாளங்கள் அல்ல.

கடினமான முறையாயினும் இயல்பான முறையாயினும், முதன்முறையாக வரும் விருந்தினரைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும். தோட்டத்திலே பிறந்து கல்வியால் உயர்ந்த இளைஞர் ஒருவர், தம் முதற் சம்பளத்தில் தாயை அத்தகைய மண்டபத்துக்கு அழைத்து வருகிறார் என்று கொள்வோம். தாயார் கரண்டியை விடுத்துக் கையால் உண்கிறார். பரிசாரகர் புன்னகைத்துக் குறிப்புக் காட்டாமல், இளஞ்சூடான நீரையும் தூய துணியையும் அவர் அருகில் வைத்துச் செல்வாராயின், அந்த மண்டபத்தின் ஒழுங்கு விருந்தினருக்கானது. அவரை நாணச் செய்வாராயின், அங்கு எத்தனை வெள்ளிக் கரண்டிகள் இருந்தும் உபசாரம் இல்லை.