கல் தூசும் நுரையீரல் தழும்பும்

ராஜஸ்தானத்து மணற்கல் சுரங்கங்களில் துளையிடும் தொழிலாளி, வேலையை விட்டு விலகிய பின்னரும் அவரைப் பற்றிய சிலிக்கோசிஸ் நோய் முற்றுவது ஏன்? காரணம் தூசு மட்டுமன்று. உடலின் தற்காப்பும் அதற்குத் துணைபோகிறது.

நுரையீரலின் காற்றுப்பைகளை அடையும் நுண்ணிய சிலிக்கா துகள்களை விழுங்கும் தற்காப்பு உயிரணுக்கள், அவற்றைச் செரிக்க இயலாது மடிகின்றன. வெளிப்பட்ட துகளை வேறோர் உயிரணு விழுங்குகிறது; அதுவும் மடிகிறது. அழற்சி ஓய்வதேயில்லை. புண்ணை ஆற்றுவதற்கென்று அமைந்த டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் அப்போது அளவுமீறிச் சுரந்து, நார்த்திசு உயிரணுக்களைத் தூண்டுகின்றன. அவை கொலாஜன் என்னும் புரதத்தைக் குவிக்க, மென்மையான நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. காசநோயும் எளிதில் பற்றுகிறது.

இக்காரணிகள் சிலவற்றின் செயலைத் தடுக்கும் நின்டெடானிப் என்னும் மருந்து, தழும்பு பெருகும் வேகத்தைக் குறைக்கக்கூடும்; விழுந்த தழும்பை நீக்காது. ராஜஸ்தான் அரசின் 2019ஆம் ஆண்டுக் கொள்கை, நோய் உறுதியானவருக்கு 3 இலட்சம் ரூபாயும், அவர் இறந்தபின் குடும்பத்திற்கு 2 இலட்சம் ரூபாயும் வழங்க வகைசெய்தது. வரவேற்கத்தக்கதே, எனினும் அவ்வுதவி வந்து சேர்வது நுரையீரல் கெட்ட பின்னரே. துளையிடும் இடத்தில் நீர் பாய்ச்சித் தூசு எழும்போதே அடக்கும் முறை புதியதன்று, பெருஞ்செலவுடையதுமன்று. வறண்ட அப்பகுதியில் அந்நீருக்கு வழிசெய்வதே திட்டமிடுவோர் முதலில் கவனிக்கவேண்டியது.